பத்தாவது மாற்றுச் சான்றிதழ்

அன்புள்ள பெரியவனுக்கு,

அப்பா எழுதுவது. நாங்கள் மூவரும் சௌக்கியம்தான், அம்மாவின் முழங்காலையும் என் மானத்தையும் தவிர. நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா? போனில் குரல் ஒடுங்கிக் கேட்டது.

எங்கள் பள்ளிக்கூடம் இந்த வருடம் நூறு சதவீதத் தேர்ச்சி. வாசலில் லாரி நீளத்துக்குப் பேனர், அதில் பிள்ளைகளைவிடத் தலைமையாசிரியர்தான் பெரிதாக இருக்கிறார். எப்படிச் சாதித்தோம் என்று கேட்பாய். பரீட்சைக்கு மூன்று மாதம் முன்னால், தேறமாட்டார்கள் என்று தோன்றிய பத்துப் பேருக்கு மாற்றுச் சான்றிதழ் கொடுத்து அனுப்பிவிட்டோம். பத்தையும் எழுதியவன் எழுத்தராகிய நான்தான். விலகும் காரணம் என்ற கட்டத்தில் ‘பெற்றோர் விருப்பம்’ என்று முத்து முத்தாக எழுதினேன். பத்தாவது பெயர் உன் தங்கை. அவளுக்குக் கணக்கு வராது என்பது உனக்கே தெரியும். எழுத்தர் மகளை மட்டும் விட்டுவைத்தால் ஊர் சிரிக்காதா என்று தலைமையாசிரியர் கேட்டார், நானும் மண்டையை ஆட்டிவிட்டு வந்தேன். அன்றிலிருந்து உன் அம்மா எனக்குச் சாப்பாடு போடுகிறாள், பேசுவதில்லை.

போன மாதம் மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது, நூறு பிள்ளைகளுக்குக் குறைந்தால் பள்ளியை மூடிவிடுவார்களாம். எண்ணிப் பார்த்தால் தொண்ணூறு. சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்டோம் போ. உடனே தலைமையாசிரியர் வெயிலில் வீடு வீடாக அலைந்தார். மக்கு என்று திட்டிய அதே வாயால், நீங்கள்தான் பள்ளியின் தூண்கள் என்றார். ஒன்பது தூண்கள் திரும்பி வந்தன. பத்தாவது தூண் எங்கள் சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தது. கெஞ்சாத குறையாகக் கேட்டேன். அவள் தலை நிமிரவில்லை. “பெற்றோர் விருப்பம்னு எழுதினீங்களே, அது யாரோட விருப்பம்பா? அதைத் திருத்துங்க, வர்றேன்” என்றாள்.

மறுநாள் பதிவேட்டை எடுத்து, அந்த இரண்டு வார்த்தையையும் அடித்துவிட்டு, ‘தந்தையின் கோழைத்தனம்’ என்று அதே அழகோடு எழுதி நீட்டினேன். தலைமையாசிரியர் வழக்கம்போலப் படிக்காமலே கையெழுத்துப் போட்டார். உன் தங்கை நூறாவது ஆளாக வந்து உட்கார்ந்துவிட்டாள். அடுத்த வருடம் பேனர் இருக்காது, பள்ளிக்கூடம் இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை அவளுக்குப் போன் செய், கணக்கு சொல்லிக் கொடு, மார்க்கை மட்டும் கேட்டுவிடாதே. குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போ. நீ நோய்நொடியில்லாமல் நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா

பி.கு.: நேற்று அம்மா பேசினாள். உப்பு போதுமா என்று கேட்டாள். போதவில்லை, போதும் என்றேன்.