ஒரே எழுத்தில் இரண்டு சொல்

வியாழன் இரவு, பிரிக்பீல்ட்ஸ்

எங்கள் பொது அரட்டை அறைப் பட்டியலிலிருந்து ஆபாச அறைகளை நீக்கும் வடிகட்டிக்குத் தமிழ்ச் சொற்களைக் கொடுத்தவன் நான். 'முலை' என்பதை ஆங்கில எழுத்திலும் சேர்த்திருந்தேன். நீக்கப்பட்ட அறைகளை இன்று ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்த, என்னோடு வேலை செய்யும் மெர்சி அக்கா என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, மலாய்ல 'முலாய்'னா தொடங்குறது லா. ரெண்டுக்கும் ஒரே ஸ்பெல்லிங்."

மறைந்து கிடந்த அறையின் பெயர் 'முலாய் செமுலா', அதாவது 'மீண்டும் தொடங்கு'. குடியை விட முயல்கிறவர்களின் அறை. வடிகட்டி ஓடத் தொடங்கிய நான்கு நாளாகப் புதியவர் யாருக்கும் அது கண்ணில் பட்டிருக்காது.

மதுரையிலிருந்து இந்த நாட்டுக்கு வந்து ஒரு வருடமாகியும் எனக்கு அந்தச் சொல் தெரியவில்லை. வேலை போனால் விசாவும்... பயந்துகொண்டே நின்றேன். அக்கா மேலாளரிடம், "நாங்க ரெண்டு பேரும் செக் பண்ணாம விட்டுட்டோம் பாஸ்" என்றார். உண்மையில் என் சொற்பட்டியலை அக்கா அதுவரை பார்த்ததே இல்லை. சாப்பிடக்கூடப் போகாமல் என்னோடு உட்கார்ந்து மீதிச் சொற்களையும் சரிபார்த்தார். அறையைப் பட்டியலில் திரும்பச் சேர்த்து, அதை நடத்துகிறவருக்கு மலாயில் மன்னிப்பும் எழுதினார்.

மாலையில் அந்த அறைக்குள் புதிதாக ஒருவர் வந்து வணக்கம் சொன்னார்.

"வந்துட்டாரு" என்றார் அக்கா. கண் கலங்கியிருந்தது. உடனே பையை எடுத்துக்கொண்டு ரவாங் ரயிலைப் பிடிக்க ஓடிவிட்டார். நான் இன்னும் ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை.