ஸுமைரா போட்ட ஊசி

மார்ச் 3, 2024, ஞாயிறு
கேகாலையில் விடாத மழை. மகள் நுஸ்ஹாவின் நிக்காஹ்வுக்குப் பதினொரு கிழமை இருக்கிறது. சேலைக் கடைக் கண்ணாடியில் பார்த்தால் என் புருவ நடுவில் இரண்டு கோடு. சும்மா நின்றாலும் சண்டைக்காரி முகம். நாற்பத்தொன்பது வயதுதானே, கிடக்கட்டும் என்று விட மனமில்லை.

மார்ச் 9
தங்கச்சி ஸுமைராவின் பார்லருக்குப் போனேன். கிரீம் பூசினால் தோல்தான் மினுங்குமாம், கோடு போகாதாம். ஃபில்லர் கன்னத்துக் குழிக்காம். எனக்கு பொட்டொக்ஸ் ஊசிதானாம்.
"கொழும்புல படிச்சிட்டு வந்தேன் ராத்தா. எத்தனை பேருக்குப் போட்டிருக்கேன். நீங்க கண்ண மூடிட்டு இருங்க."
மூடினேன்.

மார்ச் 14
இடது இமை இறங்கிவிட்டது. "சில ஆளுக்கு அப்படித்தான்" என்கிறாள்.

மார்ச் 18
தோல் டொக்டரிடம் போனேன். மருந்து இறங்கி, இமையைத் தூக்கும் தசையைப் பிடித்துவிட்டதாம். இரண்டு மாதத்தில் விடுமாம். முகத்தை அசைக்கும்போது வரும் சுருக்கத்துக்குத்தான் ஊசி நன்றாகக் கேட்கும். என்னுடையது வயதோடு பதிந்தது, மெலியுமே தவிர மறையாது என்றார். ஊசி போட்டவர் டொக்டரா என்று கேட்டார். எனக்கு வெட்கமாக இருந்தது.
அக்கம்பக்கத்தில் கண் வருத்தம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். நோன்போடு பொய். எல்லாம் தங்கச்சிக்காக.

மார்ச் 22
ஸுமைராவின் மகள் ரிஸ்னா வந்தாள். என் கண்ணைப் பார்த்து அழுதேவிட்டாள்.
"பெரியும்மா, உம்மா முதமுதல் ஊசி போட்டது உங்களுக்குத்தான். படிச்சது மூணே நாள். ராத்தா சொந்த ஆள், பிழையாப் போனாலும் ஒண்ணும் சொல்ல மாட்டாண்டு சொன்னா."
சொந்த ஆள் – அதுதான் காரணமா? வாப்பா மவுத்தாகி எங்களை விட்டுப் போனபோது ஸுமைராவுக்கு ஆறு வயது. தலை சீவி ஸ்கூலுக்கு அனுப்பினது நான். என்ட முகத்திலயா கை பழகினாய்?

ஏப்ரல் 12
பெருநாளுக்கு வட்டிலப்பம் அனுப்பியிருந்தாள். நான் தொடவில்லை.

ஏப்ரல் 19
பக்கத்து வீட்டு ஹபீலா டீச்சர் வந்தார். நாளைக்கு ஸுமைராவிடம் ஊசியாம். "உங்களுக்கும் அவதான் போட்டாவாம், நல்லா இருக்குண்டு சொன்னீங்களாம்" என்றார்.
நான் சொன்னேனாம்!
உட்கார வைத்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். தங்கச்சியைப் பற்றி வெளியாளிடம் நான் குறை சொன்னது இதுதான் முதல் தடவை.

ஏப்ரல் 21
ஸுமைரா வாசலில் நின்றே பேசினாள். "சொந்த ராத்தாவே என்ட பேரைக் கெடுத்துட்டீங்க." உள்ளே கூப்பிட்டேன். வரவில்லை.

மே 19
நிக்காஹ் நல்லபடி முடிந்தது. இமை ஏறிவிட்டது. நுஸ்ஹாவை ஸுமைராதான் அலங்கரிப்பதாக இருந்தது. மாவனல்லையிலிருந்து ஒரு பிள்ளை வந்து செய்தது. ரிஸ்னா மட்டும் வந்தாள். ஃபோட்டோவுக்கு நிற்கும்போது சம்பந்தியம்மா, "உங்கட தங்கச்சி எங்க?" என்று கேட்டார்.
அவளுக்குச் சுகமில்லை என்று சொன்னேன்.