ராசியான சீட்டு

வியாழன் இரவு.

பாப்பா தூங்கிவிட்டாள். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானத்துக்குக் காரில் போக வேண்டும் என்று, நாத்தனார் கொடுத்த, காரில் குழந்தையை உட்கார வைக்கும் சீட்டைத் துடைத்தேன். அடியில் காலாவதி வருடம் அச்சடித்திருக்கிறது. எப்போதோ முடிந்துவிட்டது. இவரிடம் காட்டினால், "பிளாஸ்டிக்தானே, தயிரா புளிச்சுப்போக? அக்கா பசங்க இதுலதானே வளந்தாங்க" என்கிறார்.

மனசு கேட்காமல் கோவிலம்பாக்கத்தில் இருக்கும் இவருடைய அக்காவுக்கே போன் செய்தேன்.

"தேதியெல்லாம் யாரும்மா பாத்தா? பல்லாவரத்துல லாரி பின்னாடி இடிச்சுதே, அப்போ சின்னவன் இதுலதான் இருந்தான். ஒரு கீறல் இல்ல. ராசியான சீட்டுடி. அதான் யாருக்கும் குடுக்காம உனக்குன்னு எடுத்து வச்சேன்."

"சரிக்கா" என்று மட்டும் சொன்னேன். விபத்தில் இடிபட்ட சீட்டில் மறுபடி குழந்தையை உட்கார வைக்கவே கூடாது என்று படித்திருக்கிறேன். அத்தனை ஆசையாகப் பேசுகிறவரிடம் அதை எப்படிச் சொல்வது?

பெல்ட்டுகளை வெட்டிவிட்டேன். இனி யாரும் எடுத்து மாட்ட முடியாது. நாளைக்கே புதுசு வாங்கியாக வேண்டும். அக்காவுக்குத் தெரியாதபடி பழைய உறையைப் புதுசில் போட்டுச் சமாளிக்கலாமா என்று தேடிப் பார்த்தேன். அதுவும் கூடாதாம்.

ஞாயிறு காலை காரில் ஏறியதும் அக்கா முதலில் பின்னால் திரும்பித்தான் பார்ப்பார்.