லாயச் சுவரில் அவர் முகம்

2007 ஒக்டோபர் 2, செவ்வாய்
படிகள் கழுவிவிட்டு வந்து இரண்டு உருளைக்கிழங்கு அவியப் போட்டேன். ரெலிபோன் அடித்தது. கனடாவிலிருந்து கத்தரீனா மச்சாள், என் மனிசனுடைய அக்கா.
"தம்பியின்ர ஆண்டுப் பூசைக்கு வாறன். ரிக்கற் எடுத்திட்டன். உங்கடை வீட்டிலைதானே நிப்பன்?"
ஓம் என்று சொல்லிவிட்டேன். எந்த வீடு?
பலெர்மோவின் பணக்காரப் பக்கமான பொலிதேயாமாவில், நான் வீட்டு வேலை செய்கிற சிஞ்ஞோராவின் பல்கனியில் நின்று என் மனிசன் ஒரு படம் எடுத்தவர். "இதுதான் எங்கடை வீடு" என்று பின்னால் எழுதி அக்காவுக்கு அனுப்பினார். பகிடிக்குத்தான். நாங்கள் இருப்பது தனிசின்னியில், பள்ளத்துக்குள், ஒரே அறை. பக்கத்துக் கதவு குதிரை லாயம். பலெர்மோவில் பிறந்தவர்களே இந்தப் பக்கம் இறங்குவதில்லை. அவர் போன பிறகும் நான் ரெலிபோனில் அந்தப் பல்கனியைத்தான் கதைத்துக்கொண்டிருந்தேன். செத்த மனிசனைப் பொய்யன் ஆக்கலாமா?

ஒக்டோபர் 5
சிஞ்ஞோரா மகளிடம் ரோமுக்குப் போகிறா. எங்கள் பக்கம் தண்ணீர் இல்லை, என் விருந்தாளி சில நாள் இங்கே தங்கட்டுமா என்று கேட்டேன். தங்கட்டும் என்றா. தண்ணீர் வந்துகொண்டுதான் இருக்கிறது.

ஒக்டோபர் 9
மச்சாள் வந்துவிட்டா. சிஞ்ஞோராவின் கண்ணாடி, கட்டில், திரைச்சீலை எல்லாம் தடவித் தடவிப் பார்த்தா. "என்ர தம்பி ராசா மாதிரி இருந்திருக்கிறான்" என்று அழுதா.
"அவன்ர உடுப்பெல்லாம் எங்கை பிள்ளை?"
கோயிலுக்குக் கொடுத்துவிட்டேன் என்றேன். எந்தப் பாத்திரம் எந்த அலுமாரியில் என்று தடுமாறாமல் எடுத்துக் கொடுத்தேன். துடைக்கிறவளுக்குத் தெரியாதா?

ஒக்டோபர் 10
விடிய, மாற்றுச் சேலை எடுக்கத் தனிசின்னிக்கு இறங்கினேன். லாயச் சுவரில் அவர் முகம்.
இந்த ஊரிலும் செத்தவருக்கு ஆண்டு வந்தால் சுவரில் நோட்டீஸ் ஒட்டுவார்கள், எங்கள் கண்ணீர் அஞ்சலி போல. பசை காயவில்லை. எழுத்துக் கூட்டி வாசித்தேன். அருளையா. முதலாம் ஆண்டு. கடைசி வரியில், தனிசின்னிச் சனங்கள்.
மச்சாளை ஆராவது இஞ்சை கூட்டிக்கொண்டு வந்தால்? கிழித்தேன். கண்ணோடு கிழிந்து வந்தது. நாலு மூலையும் சுவரிலேயே நின்றுவிட்டன.
எதிர் யன்னலில் என்சா மேசைத்துணி உதறிக்கொண்டு நின்றா. அவர் ஒழுங்கையில் விழுந்தபோது தலையை மடியில் தாங்கினவ. யன்னலைச் சாத்தினா.
நான் என்ன மனிசி?

ஒக்டோபர் 11
பூசை பின்னேரம். காலையில் மச்சாள் பிடிவாதம். "பெரிய கோயிலும் தியேட்டரும் பாத்தாச்சு. சனம் சீவிக்கிற இடத்தைக் காட்டு."
காப்போ சந்தைக்குக் கூட்டிப்போனேன். அவ்வளவு தூரத்துக்கு நோட்டீஸ் ஒட்டியிருக்க மாட்டார்கள் என்று நினைத்தேன். கத்தரிக்காய்க் குவியலுக்குப் பின்னால், சுவரில், அவர்.
"இது என்ர தம்பியெல்லே?"
"இல்லை மச்சாள். ஆரோ வேறை ஆள்."
சொன்னேன். இந்த வாயால். ஆண்டவரைத் தெரியாது என்ற இராயப்பருக்குச் சேவல் கூவினது. எனக்கு ஒலிவ் விற்கிறவன் கூவினான். "சிஞ்ஞோரா லீனா! பின்னேரம் நாங்களும் பூசைக்கு வாறம்!" படத்தைக் காட்டினான், என்னைக் காட்டினான், தன் நெஞ்சில் கை வைத்தான். மச்சாளுக்கு இத்தாலியன் தேவைப்படவில்லை.
"அவன் இருந்த இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போ."
தனிசின்னிக்கு இறங்கினோம். அறையில் கயிற்றில் அவர் சேட்டு, கட்டிலுக்குக் கீழே சப்பாத்து. மச்சாள் கட்டிலில் இருந்தா.
"அவன் விட்டது பகிடி. ஒரு வருசமா நீ விட்டதுக்கு என்ன பேர்?"
"அவரைக் குறைச்சு நினைக்கக்கூடாதெண்டு..."
"அவனையோ, உன்னையோ?"
மச்சாள் கயிற்றிலிருந்து சேட்டை எடுத்து மடியில் வைத்தா. "அந்தப் பெரிய வீட்டிலை அவன் விழேக்கை தூக்க ஒருத்தரும் இருந்திருக்க மாட்டினம் எண்டெல்லோ நான் அழுதுகொண்டிருந்தனான்."
வெளியே வந்ததும் அந்த நாலு மூலையும் மச்சாளின் கண்ணில் பட்டுவிட்டன. "இதை ஆர் கிழிச்சது? கேள்."
என்சா வாசலில் நின்றா. கேட்டேன். என் கண்ணையே பார்த்துக்கொண்டு, "காத்து" என்றா.
"காத்தாம், மச்சாள்."
அதையும் தமிழில் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

ஒக்டோபர் 14
மச்சாள் போய்விட்டா. கடைசி இரண்டு நாளும் இங்கேதான் படுத்தா, கட்டிலில் அவர் படுக்கிற பக்கத்தில். கிழித்தது நான்தான் என்று போகும்வரை சொல்லவில்லை. என்சாவிடமும் வாய் திறக்கவில்லை. அவ சூப் தந்த கோப்பையைக் கழுவி வாசற்படியில் வைத்துவிட்டு ஓடி வந்தேன், கள்ளி மாதிரி.

2008 பெப்ரவரி 3
மழை. மூலைகள் இன்னும் இருக்கின்றன. நல்ல பசை.

2008 ஒக்டோபர் 10
இரண்டாம் ஆண்டு நோட்டீஸ். என்சாவின் மனிசன் ஏணியில் ஏறி லாயக் கூரைக்குக் கிட்ட வைத்துப் பிடித்தார்.
"இவ்வளவு உயரத்திலை ஆர் வாசிக்கிறது?" கீழே கூடி நின்ற சனத்தில் ஒருத்தி கேட்டா.
"இன்னும் மேலை ஏத்து" என்றா என்சா. "இந்த ஒழுங்கையிலை காத்துப் பொல்லாதது. ஐஞ்சடிதான் உயரம். ஆனா பொல்லாதது."
எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. இவ்வளவு நாளும்.
ஏணி ஆடியது. போய் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.