மணப்பாடு போய்ச் சேராத நடை

1978 பிப்ரவரி 11, சனி

“கம்பால் அடித்தது யாரும்மா?” என்று போலீஸ்காரர் கேட்டார். நான் சொல்லவில்லை. தெரியாது என்றுகூடச் சொல்லவில்லை. மணலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ரோச் பக்கத்தில் வந்து, “எந்தங்கச்சி பயந்துபோய் இருக்கா சார், அவள விடுங்க” என்றான். விட்டுவிட்டார்.

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன். நாளைக்குள் இது வேறு கதையாகிவிடும்.

ஐப்பசிக் காற்றில் கடலோடு போன வள்ளக்காரர்களின், அதாவது சின்ன நாட்டுப்படகுக்காரர்களின், குடும்பங்களுக்காக எங்கள் கோயில் பங்கு இளைஞர்கள் ஈஸ்டருக்கு முந்தின தபசு காலத்தில் நடப்பதாக ஏற்பாடு. தூத்துக்குடியிலிருந்து கரையோரமாகவே மணப்பாடு வரை, இரண்டு நாள், வெறுங்காலோடு, ஊர் ஊராகத் தருமம் கேட்டுக்கொண்டு. காசு வாங்கத் தகர டப்பா வேண்டாம், ஒரு வலையை நாலு பேர் நாலு முனையில் பிடித்துப் போகலாம், கடற்கரை சனங்களுக்கு அதுதான் பொருத்தம் என்று யாரோ சொன்னார்கள். என் அண்ணன் ரோச் எங்கள் விசைப்படகின் இழுவை மடி வலையில் ஒரு துண்டை அறுத்துக்கொண்டு வந்தான். உள்ளே வெள்ளை வேட்டி விரித்தார்கள். பங்குச் சாமியார் மந்திரித்து ஆசீர்வதித்தார்.

விசைப்படகு இழுத்துக்கொண்டு போகும் மடியில் சிக்கித்தான் வள்ளக்காரர்களின் வலைகள் அறுபடுகின்றன. அதற்காகத்தான் இரண்டு வருடமாக வெட்டும் குத்தும். இது எங்கள் எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான். எங்கள் கண்ணுக்கு அது ஒரு வலை. அவ்வளவுதான்.

உப்பளங்களைத் தாண்டும்போது பாதம் கொதித்தது. “மோட்சத்துக்கு ஒரு பஸ் விட்டா என்னளா?” என்று பக்கத்தில் நடந்த தோழி விக்டோரியா சிரிக்க வைத்தாள். ஆற்றைத் தோணியில் கடந்து, பாடிக்கொண்டே சிலுவைத்துறை என்ற வள்ளக்காரர் ஊரில், குருசடிக் கோயிலுக்கு முன்னால் போய் நின்றோம். முதலில் நல்லபடியாகத்தான் இருந்தது. பெண்கள் வந்து காசு போட்டார்கள். ஒரு கிழவி தண்ணீர் கொடுத்தாள். பிறகு கைக்குழந்தையோடு ஒருத்தி வந்தாள். காசு போடக் குனிந்தவள், போடாமல் வேட்டியின் ஓரத்தை விலக்கிப் பார்த்தாள்.

“இது இழுவ மடில்லா?”

பாட்டு நின்றுவிட்டது.

“எங்க வலைய அறுத்த மடியில எங்களுக்கே தருமமா? ஏ, எல்லாரும் இங்கன வாங்க! இதப் பாருங்க!”

ரோச் கொடிக்கம்போடு முன்னால் நின்றிருந்தான். “காசு போடுததா இருந்தா போடு. இல்லன்னா தள்ளி நில்லுளா.”

“யாரப் பாத்துல ‘ளா’ போடுத?” அவள் புருஷன், வலை முடிந்துகொண்டிருந்தவர், எழுந்து வந்தார். பவுல் என்று பெயர். “எவ்வளவு வல கொண்டுபோனிய. இது ஒண்ணு எங்ககிட்ட கெடக்கட்டும்.”

மடியைப் பிடித்து இழுத்தார். காசெல்லாம் மணலில் கொட்டியது. அவர் கத்தியை வைத்து மடியை அறுக்க ஆரம்பித்தார், கறி நறுக்குகிற மாதிரி நிதானமாக. ரோச் கொடித்துணியைக்கூடக் கழற்றவில்லை, அதோடுதான் ஓங்கினான். மூங்கில். அந்தச் சத்தம் எதைப் போலவும் இல்லை. பவுல் இரண்டு எட்டு வைத்து, சாப்பிட உட்காருகிறவரைப் போலச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். காதிலிருந்து ரத்தம் வழிந்தது.

அதற்கு அப்புறம்தான் கல். முதல் கல் விழுந்ததே அதற்கு அப்புறம்தான்.

விக்டோரியாவின் உதடு கிழிந்து பல் தெரிந்தது. எங்களில் ஒருவனின் முழங்கையைத் துடுப்பால் ஒடித்தார்கள். எங்கள் ஆட்களும் சும்மா இல்லை. காலையில் செபமாலை சொல்லிக்கொடுத்தவன் கீழே விழுந்த ஒருவரின் வயிற்றில் மிதித்தான். மிதித்துக்கொண்டே இருந்தான். உடைமரக் காட்டுக்குள் ஓடினோம். காலெல்லாம் முள். ஓடுகிற ஓட்டத்தில் ரோச் கம்பை ஒரு கிணற்றில் போட்டான். அதையும் பார்த்தேன். ரோட்டுக்கு வந்தபோது போலீஸ் நின்றது, அங்கேதான் அந்தக் கேள்வி. லாரியில் ஏற்றி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

பிப்ரவரி 12, ஞாயிறு

பூசையில் ரோச் நன்மை அப்பம் வாங்கினான். பாவத்தை வைத்துக்கொண்டு வாங்கக் கூடாது என்று நான் வாங்கவில்லை. அம்மா கவனித்துவிட்டாள். வரும் வழியில் என் கையைப் பிடித்து, “வாயத் தொறந்த, நாக்க அறுத்துருவேன்” என்றாள். என்னிடம் இப்படி அவள் பேசியதே இல்லை.

நாவல்களில் ஒரு மனிதனை அடிப்பதற்கு முன்னால் பக்கம் பக்கமாக யோசிப்பார்கள். ரோச் யோசிக்கவே இல்லை. அவனுக்கும் சேர்த்து நான்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

பிப்ரவரி 14, செவ்வாய்

பவுலுக்கு நினைவு திரும்பவில்லை. அவருடைய அண்ணன் பர்னபாஸைப் பிடித்துப் போய்விட்டார்கள். பர்னபாஸ் எங்கள்மேல் எறிந்த கல் குறி தப்பித் தம்பி மண்டையில் பட்டதாம்; கம்பைப் பற்றிப் போலீசில் இப்போது பேச்சே இல்லை. விசைப்படகுக்காரர்கள் எங்கள் மாடியில் கூடி இதைத்தான் பேசினார்கள். நான் காப்பி கொண்டுபோனேன்.

“கடல்லயும் குறி கெடையாது, கரையிலயும் குறி கெடையாது அவனுவளுக்கு” என்றார் ஐஸ் வியாபாரம் செய்கிற காசிலிங்கம் அண்ணாச்சி. எல்லாரும் சிரித்தார்கள். ரோச்சும் சிரித்தான். கொஞ்சம் தாமதமாக.

பிப்ரவரி 16, வியாழன்

லைப்ரரிக்கு என்று சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். வராந்தாத் தரையில் பவுலின் மனைவி குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். மெட்டில்டா.

“பாட்டுப் படிச்சவதான நீ?”

“ஆமா.”

“அவர அடிச்சது கம்பு. நாங்க சொன்னா எழுத மாட்டேங்கானுவ. பர்னபாஸ் அத்தான் ஸ்டேசன்ல ஒக்காந்து அழுதாவளாம். கேட்டுக் கேட்டு, நம்ம எறிஞ்ச கல்லுதானோன்னு அவியளுக்கே சந்தேகம் வந்துட்டு. நீ பாத்தத சொல்லு.”

“அடிச்சது எங்கண்ணன்.”

“தெரியும். அதான் ஒங்கிட்ட கேக்கேன். வேற யாரு சொன்னா நம்புவான்?”

குழந்தையின் காலைத் தொட்டேன். அவள் அந்தக் காலைச் சேலைக்குள் இழுத்து மூடிக்கொண்டாள்.

பிப்ரவரி 17, வெள்ளி

காலையில் சிலுவைத்துறைக்காரர்கள் வள்ளங்களில் வந்து விசைப்படகுகளுக்குத் தீ வைத்தார்கள். டீசல் புகையில் எங்கள் திரேஸ்புரமே தெரியவில்லை. மத்தியானம் இங்கிருந்து லாரியில் போனார்கள், அரிவாளும் மண்ணெண்ணெய் டின்னுமாக. குடிசைகள் எரிந்தன. ஒரு பெண்ணின் கை மணிக்கட்டோடு போய்விட்டதாம். யாருடைய கை? ரோச் சாயங்காலம் வந்தான், சட்டையெல்லாம் கரி.

“நீதான அடிச்ச?” முதல் தடவையாகக் கேட்டேன்.

முடியைப் பிடித்து என்னைப் புத்தக அலமாரியில் மோதினான். “ஒரே அடிதான்ளா. ஒரே ஒரு அடிதான் அடிச்சேன். பொழச்சிருவான்.”

“அப்ப பர்னபாஸ்?”

“அவன் யாரு நமக்கு?”

என் புருவம் கிழிந்துவிட்டது. அவனே மஞ்சள் வைத்துக் கட்டினான். சின்ன வயசில் என்னை முதுகில் ஏற்றிக்கொண்டு கடலில் நீந்தினவன். நான் என்ன செய்ய? என்னதான் செய்யணும்ங்கிறாங்க எல்லாரும்?

பிப்ரவரி 19, ஞாயிறு

பவுல் இறந்துபோனார்.

பிப்ரவரி 20, திங்கள்

கட்டோடு ஸ்டேஷனுக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். கிணற்றையும் சொன்னேன்.

“சொந்த அண்ணம்மா. யோசிச்சியா?” என்றார் இன்ஸ்பெக்டர்.

“யோசிச்சுட்டேன்.”

என் புருவத்தைக் காட்டி, “இந்தக் கோவத்துல சொல்லலியே?” என்று கேட்டார். அதை மட்டும் நான் யோசித்திருக்கவில்லை. இல்லை என்றேன். வரும் வழியெல்லாம் யோசித்தேன். இல்லை. இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

அம்மா கதவைத் திறக்கவில்லை. உள்ளேதான் இருந்தாள், மூச்சு கேட்டது. கன்னியர் மடத்தில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

1979 நவம்பர் 18, ஞாயிறு

கிணற்றிலிருந்து கம்பை எடுத்த பிறகு பர்னபாஸை விட்டுவிட்டார்கள். இந்த வருடம் சித்திரையில் நான் கோர்ட்டில் சாட்சி சொன்னேன். ரோச்சுக்கு ஏழு வருடம். பாளையங்கோட்டை ஜெயிலில் இருக்கிறான். அம்மா மாதாமாதம் பார்க்கப் போகிறாள். நேற்று நானும் போனேன். ஒரே பஸ், வேறு வேறு சீட்டு.

கம்பிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றான். மெலிந்திருந்தான். “மழையிலயாம்மா வந்த?” என்று அம்மாவிடம் கேட்டான். பிறகு என்னைப் பார்த்தான். திரும்பி உள்ளே போய்விட்டான். பார்க்கக் கொடுத்த நேரம் முடிவதற்கு முன்பே அம்மாவும் நானும் வெளியே வந்துவிட்டோம்.