ஜஞ்சிராவில் பெரியப்பாவைப் பார்த்தேன்

செம்பூர், மும்பை

அன்பு மகன் மாரிசெல்வத்துக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம். ஆக்லாந்துக் குளிரில் நீயும் மருமகளும் சுகமாக இருக்க அம்மன் துணை இருக்கட்டும். போனில் சொன்னால் பாதியை விட்டுவிடுவேன் என்றுதான் இதை எழுதுகிறேன்.

போன ஞாயிறு மாட்டுங்காவிலிருந்து நம் தமிழ்ச் சங்கத்தார் முருட் நவாபு அரண்மனையும் ஜஞ்சிரா கோட்டையும் பார்க்க பஸ் ஏற்பாடு செய்திருந்தார்கள். அம்மாவுக்கு முட்டுவலி, நான் மட்டும் போனேன். ஏறிப் பார்த்தால் ஜன்னலோரம் உன் கோமதிநாயகம் பெரியப்பா. எங்கள் தாராவி வீட்டை விற்ற தகராறில் நின்றுபோன பேச்சு, உனக்குத் தெரியும். என்னைப் பார்த்ததும் வெளியே திரும்பிக்கொண்டார், நானும் பின்சீட்டுக்குப் போய்விட்டேன். அரண்மனைக்குள் விடமாட்டார்களாம், கைடாக வந்த ஹரிதா என்ற பெண் ரோட்டில் நின்றே நவாபுகளின் கதையைச் சொன்னாள். எனக்குக் காது அங்கே இல்லை. பெரியம்மா போனபின் அவரைக் கவனிக்க ஆளில்லை போலும், சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார். சின்ன வயதில் தாராவியில் காலா கில்லா என்ற பழைய கோட்டை இடிபாட்டில் ராஜா விளையாட்டு விளையாடுவோம். என்னை ராஜாவாக்கிவிட்டு அவர் யானையாகக் குனிந்து முதுகில் சுமப்பார்.

கடலுக்குள் இருக்கும் கோட்டைக்குப் பாய்மரப் படகில் போக வேண்டும். வாசலில் படகு அலையில் ஆடிக்கொண்டே இருக்கும், நாம்தான் படிக்குத் தாவ வேண்டும். நான் தாவிவிட்டேன். பின்னால் வந்த பெரியப்பாவுக்குப் பாசியில் கால் வழுக்கி, படகுக்கும் படிக்கும் நடுவே சாய்ந்தார். எட்டி மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன். "ஏல பெரமு, விட்றாதல" என்றார். அப்படி என்னைக் கூப்பிட இப்போது அவர் ஒருவர்தான் மிச்சம். படகுக்காரரும் நானுமாக இழுத்து மேலே ஏற்றினோம்.

மற்றவர்கள் பீரங்கி பார்க்கப் போக, நாங்கள் இருவரும் இடிந்த மாளிகை நிழலில் அலை நனைத்த ஈரத்தோடு உட்கார்ந்திருந்தோம். சட்டை நுனியைப் பிழிந்துகொண்டே, "மாரி இப்பவும் மோர் ஊத்தாமத்தான் சோறு திங்கானா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். வீட்டுப் பேச்சை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. திரும்பும்போது பக்கத்தில் உட்கார்ந்து பன்வேல் வரைக்கும் என் தோளிலேயே தூங்கினார்.

உன் நம்பரை அவருக்குக் கொடுத்திருக்கிறேன். அங்கே நேரம் வேறு என்று எவ்வளவு சொல்லியும் பிடிபடவில்லை, எந்நேரத்தில் கூப்பிட்டாலும் எடு. தெரியாத நம்பர் என்று கட் பண்ணிவிடாதே. முதலில் கொஞ்ச நேரம் இருமுவார், பிறகுதான் பேச்சு வரும். அதுவரை பொறுத்திரு.

இருவரும் நீடூழி வாழ்க.

உன் அப்பா
பிரம்மநாயகம்