அரைக் கிலோ மிச்சம்

அன்புத் தங்கைக்கு,

அக்கா எழுதுகிறேன். எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். உடம்புக்கு ஒன்றுமில்லை. மனசுதான் நாலு நாளாகப் பதைத்துக்கொண்டே இருக்கிறது. குட்டிக்கு முன்பல் விழுந்துவிட்டதாமே? புதுப்பல் முளைப்பதற்குள் அவளைச் சிரிக்கவைத்து ஒரு போட்டோ எடுத்து அனுப்பு.

உங்கள் பள்ளிச் சமையலறைக்கும் மிச்சத்தைக் குறைக்கிற எங்கள் திட்டம் வருகிறது, அக்கா மாதிரி நானும் பேர் வாங்குவேன் என்று எழுதியிருந்தாய். அந்தப் பேர் எப்படி வந்தது என்று கேள்.

போன வருஷம் எங்கள் பள்ளியில் தினமும் பதினெட்டுக் கிலோ சாப்பாடு குப்பைத்தொட்டிக்குப் போனது. விளைந்த நிலமும் பாய்ந்த தண்ணீரும் சேர்ந்து வீணாகிறது என்று சொல்லி, அதிகாரி அம்மா ஒரு தராசு கொடுத்தார். மிச்சத்தை நிறுத்துப் பலகையில் எழுத வேண்டும். பிள்ளைகளிடம் கேட்டுக் கேட்டுச் சமைத்தேன். காயைப் பொடியாக நறுக்கினேன். ஆறு கிலோவுக்கு இறங்கியது. அதோடு நின்றிருக்கலாம். பக்கத்துப் பள்ளியில் மூன்றுதான் என்று அந்த அம்மா ஒரு வார்த்தை சொல்லிவிட்டார். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. பெரிய கரண்டிகள் இரண்டையும் மேல்தட்டில் போட்டுவிட்டுச் சின்னதை எடுத்தேன். மறுசோறு கேட்டு வந்த பிள்ளைகளை, "அளவாச் சாப்பிடுங்க" என்று விரட்டினேன்.

ஒரே வாரத்தில் மிச்சம் அரைக் கிலோ. சான்றிதழ் கொடுத்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. போன மாதம் எங்களைப் பார்த்துக் கற்றுக்கொள்ள ஒரு கூட்டமே வந்தது. தொட்டியையும் பலகையையும் படம் எடுத்தார்கள். என் கரண்டியைக்கூட அளந்து குறித்துக்கொண்டார்கள். அதே அளவில் நாற்பது பள்ளிகளுக்குக் கரண்டி வருகிறது. முதலில் உங்களுக்குத்தான்.

இங்கே ஒரு சின்னப் பெண், குருவி என்று கூப்பிடுவோம். திங்களன்று தட்டை நீட்டி, "அத்தை, இதைக் கழுவவே வேணாம், நக்கியே சுத்தம் பண்ணிட்டேன்" என்றாள். வாயாடி என்று சிரித்தேன், பாவி. புதனன்று மைதானத்தில் மயங்கி விழுந்தாள். வயிறு நிறையச் சாப்பிடாததுதான் காரணம் என்றாராம் டாக்டர். அவளுக்கு இங்கே கிடைப்பதுதான் முழுச்சாப்பாடு என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. இப்போது எழுந்து நடமாடுகிறாள்.

மறுநாளே பெரிய கரண்டியை எடுத்துவிட்டேன். தொட்டியில் ஐந்து கிலோ சேர்ந்தது. பலகையில் அரை என்றே எழுதினேன். வெள்ளிக்கிழமையும் அப்படியே. அதிகாரி அம்மாவின் அறை வாசல்வரை போய் இரண்டு தடவை திரும்பிவிட்டேன். உன் அத்தானோ, "வாயை மூடிக்கிட்டு இரு, வேலை போயிடும்" என்கிறார். அவர் சொல்வதும் பொய்யில்லை.

நாளை திங்கள். பலகையில் ஐந்து என்று எழுதப்போகிறேன். ஒருவேளை நாளையும் எனக்குத் தைரியம் வராமல் போனால் என்று நினைத்துத்தான் இந்தப் பார்சல். இதில் இருப்பது என் இன்னொரு பெரிய கரண்டி. அவர்கள் எதை அனுப்பினாலும் நீ இதிலேயே போடு. உன் பள்ளியில் தட்டு நீட்டும் குட்டிக்கு மட்டுமல்ல, வரிசையில் கடைசியாக நிற்கிற பிள்ளைக்கும்.

நீ நன்றாயிரு. உன் தொட்டியில் தினமும் கொஞ்சமாவது மிச்சம் விழட்டும்.

பயந்துகொண்டே,
உன் அக்கா